போல்ட்டை முறுக்கினால் மட்டும் உயரம் வந்துவிடாது: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "வண்டியை 2 இன்ச் ஏற்ற என்ன கிட் போடலாம்?" என்பதோடு முடிந்துவிடுகின்றன. என்ன வண்டி, எந்த ஆண்டு, முன்னால் புல்பார் (மோதலைத் தடுக்கும் இரும்புச் சட்டம்) உண்டா, இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு தகவலும் இல்லை. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையிலும், மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும். 25 வயது வண்டியில் ஸ்பிரிங் ஏற்கெனவே 20, 30 மில்லி உட்கார்ந்திருக்கும். நீங்கள் வாங்கும் 'லிஃப்ட்' பாதி அதை மீட்பதிலேயே போய்விடும்.

1996 பஜேரோ. பட்டறை ஃபோர்மேன் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை 2 இன்ச் ஏற்றிக் கொடுத்தார். பணம் அதிகம் வாங்கவில்லை. இப்போது வேகத்தடையில் இறங்கும்போது 'டக்' என்று சத்தம். அப்சோர்பர் போய்விட்டதா? (அம்பாங்)

அப்சோர்பர் போகவில்லை, இன்னும் சில மாதத்தில் போகும். அந்தச் சத்தம், சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கை, இறங்கும் எல்லையில் தடுக்கும் ரீபவுண்ட் ஸ்டாப்பரில் மோதும் சத்தம்.

போல்ட்டை இறுக்கினால் பார் கடினமாகிவிடும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்கிறார்கள். ஆகாது. கம்பியின் கடினத்தை அதன் விட்டமும் நீளமும்தான் தீர்மானிக்கின்றன. போல்ட் செய்வது ஒன்றே: ஆங்கர் கையைத் திருப்பி, அதே கம்பி அதே எடையை இன்னும் உயர்ந்த நிலையில் தாங்கும்படி வைக்கிறது. மொத்த ஓட்டம் ஒரு மில்லிகூடக் கூடுவதில்லை. சக்கரம் மேலே ஏற இடம் கூடுகிறது, கீழே இறங்க இருந்த இடம் அதே அளவு குறைகிறது. நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் 80 மில்லி இறங்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லி ஏற்றினால் மிச்சம் 30. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தொங்கும் எல்லையைத் தொட்டு இடிக்கும். வண்டி 'டைட்டாக' இருக்கிறதே என்று மகிழ்கிறவர்கள் உணர்வது இந்த இடியைத்தான்.

சேதம் அதோடு நிற்காது. டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுற்றும் மூட்டு) எப்போதும் அதிகக் கோணத்தில் சுற்றும். அதை மூடும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், சேறு உள்ளே போகும். கையையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜாயின்ட் தன் எல்லைக் கோணத்திலேயே கிடக்கும். கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) பாசிட்டிவ் பக்கம் போய் டயரின் வெளி ஓரம் தேயும்.

செய்ய வேண்டியது இது. சேசிஸில் ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு நடுமையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளங்கள். தரையில் நிற்கும்போது எடுத்த அளவை அதிலிருந்து கழித்தால் வருவதுதான் இறங்கும் இடம். அது 50 மில்லிக்குக் குறையாதபடி போல்ட்டைத் தளர்த்துங்கள். உங்கள் வண்டிக்கு அநேகமாக 30 மில்லி லிஃப்ட்டோடு நின்றுவிடும், அது போதும். சக்கரம் தொங்கும் நிலையில், மரையில் எண்ணெய் விட்டு, பிறகே போல்ட்டைத் திருப்ப வேண்டும். எடை ஏறிய நிலையில் திருப்பினால் மரை போய்விடும். இறக்கியதும் உடனே அளக்காதீர்கள். வண்டியை நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, அமர்ந்த பிறகு அளங்கள்.

புல்பார், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) என்று உண்மையாகவே எடை ஏற்றியிருந்தால் தடித்த பார் வாங்குங்கள். கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 24 மில்லி கம்பிக்குப் பதில் 26 மில்லி போட்டால் ஏறத்தாழ 40 விழுக்காடு. மெலிந்த பாரைத் திருகி உயர்த்துவதற்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறு. இடது வலது குறி பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள், மாற்றிப் போட்டால் தொழிற்சாலையில் ஏற்றிய முறுக்குக்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். 40 மில்லிக்கு மேல் வேண்டுமென்றால் முன் டிஃப்பை (டிஃபரென்ஷியல், இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இறக்கும் பிராக்கெட்டும் நீளமான அப்சோர்பரும் சேர்த்துப் பேசுங்கள். இல்லையென்றால் பேசவே வேண்டாம்.

லேண்ட் குரூசர் 80 சீரிஸ். 50 மில்லி ஸ்பிரிங், அப்சோர்பர் நான்கும் புதிது. ஃபெடரல் ஹைவேயில் 90க்கு மேல் போனால் ஸ்டீயரிங் அலைகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை செய்தாயிற்று. (கிள்ளான்)

டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும் பார்த்திருப்பார்கள். அந்த அச்சில் ஸ்டாண்டர்ட் காஸ்டரே (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) சுமார் 3 டிகிரிதான். 50 மில்லி ஏற்றினால் 2 டிகிரி போய்விடும், மிச்சம் 1. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலைவது அதனால்தான். அச்சைச் சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் கைகளில் காஸ்டர் திருத்தும் ஆஃப்செட் புஷ் போட்டு 2 டிகிரியை மீட்டெடுங்கள்.

கூடவே இரண்டு வேலை. அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பன்ஹார்ட் ராட்டின் நீளம் மாறாததால் அச்சு ஐந்து முதல் பத்து மில்லி ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ராட் போட்டால் நடுவுக்கு வரும். இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை: பின்னச்சில் சுமைக்கேற்ப பிரேக் அழுத்தம் மாற்றும் வால்வு. பின்பக்கம் உயர்ந்ததும் வண்டி காலியாக இருப்பதாக அது எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸையும் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். விறைத்து நின்றால் நீளமானது வேண்டும்.

எந்த பிராண்ட் நல்லது? என்ன விலை? (செந்தூல்)

வண்டி பெயர்கூட எழுதவில்லை. அடுத்தது.

பெரோடுவா கெம்பாராவுக்கு 2 இன்ச் ஸ்பேசர் கிடைக்கிறது. போடலாமா? (பாயான் லெபாஸ்)

வேண்டாம். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றான தூண்). அதன் தலையில் வைக்கும் ஸ்பேசர் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று உயர்த்தும், 50 மில்லியில் டிரைவ் ஷாஃப்ட் தாங்காது. 25 மில்லிக்குள் நிறுத்துங்கள், பின்னால் 25-30 மில்லி நீளமான காயில். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அளவு வேறுபட்டால் நடு டிஃப் ஓயாமல் சுற்றிச் சூடாகும்.

ஒரு எச்சரிக்கை: விஷ்போன் (மேலும் கீழும் முக்கோணக் கை) உள்ள வண்டியில் காயிலோவர் (அப்சோர்பரைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்) மேல் வைக்கும் ஸ்பேசர் கணக்கு வேறு. அங்கே 25 மில்லி ஸ்பேசர் சக்கரத்தில் 45, 50 ஆகிவிடும். நண்பன் வண்டியின் கணக்கை உங்கள் வண்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் 12 மில்லி சாய்ந்திருக்கிறது. கடைக்காரர் 'செட் ஆகிவிடும்' என்கிறார். (செபராங் ஜெயா)

ஆகாது. ஸ்பிரிங்கில் ஒட்டியிருந்த லேபிளைப் பாருங்கள். பல கிட்டுகளில் இரண்டும் ஒரே நீளம் அல்ல. நீளமானது ஓட்டுநர் பக்கம், அதாவது நமக்கு வலது. மாற்றிப் போட்டிருப்பார்கள்.

பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் கனமான வண்டியின் காயில் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறது. உயரமும் அதிகம். வாங்கலாமா? (பட்டர்வொர்த்)

உங்களுடையதைவிட 300 கிலோ அதிகமான வண்டிக்குச் செய்த ஸ்பிரிங் உங்கள் வண்டியில் அமுங்காது, துள்ளும். மழையில் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது அந்தத் துள்ளல் உங்களுக்கு வேண்டாம். ஸ்பிரிங்கை உயரம் பார்த்து வாங்குவதில்லை, எடை பார்த்து வாங்குவது. புல்பாரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடின அச்சில் (இரு சக்கரமும் ஒரே அச்சில் இணைந்தது) முன்பக்கம் ஏறத்தாழ 20 மில்லி இறங்கும். அந்த எடை இல்லாமல் அதற்கான ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். ஆக, முதலில் எடையை முடிவு செய்யுங்கள். பிறகு அளந்து எழுதுங்கள்.

கிட் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. கீழ் கை புஷ் எல்லாம் கிழிந்துவிட்டது. போலி சாமானா? (சுங்கை பூலோ)

சாமானைக் குறை சொல்லாதீர்கள். வண்டியை ஹாய்ஸ்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கியிருப்பார்கள். ரப்பர் புஷ் உள் குழாயோடு ஒட்டியது, சுழலாது, முறுகும். தொங்கும் நிலையில் பூட்டிவிட்டு வண்டியை இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுகிக் கிடக்கும். முதலில் கையால் மட்டும் பூட்டி, தரையில் இறக்கி, உருட்டி, எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லாப் போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். போன முறையும் எழுதியது இதுதான், அடுத்த முறையும் எழுத வேண்டியிருக்கும்.

பழைய சுசுகி எஸ்ஜே410. நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் தகடு) போட்டால் 2 இன்ச் வருமா? (பாலிக் பூலாவ்)

பாதிதான் வரும். ஷேக்கிள் 50 மில்லி நீண்டால் அச்சில் உயர்வது 25. முன்னால் போட்டால் காஸ்டரும் குறையும். பட்டை ஸ்பிரிங்கையே புதிதாக வளைத்த செட்டாக வாங்குங்கள். யூ-போல்ட்டும் புதிது, ஒருமுறை இழுபட்டதைத் திரும்பப் போடாதீர்கள்.

வெள்ளத்தில் போவதற்காக 80 சீரிஸை உயர்த்த நினைக்கிறேன். (ஸ்ரீ மூடா)

கடின அச்சு வண்டியில் ஸ்பிரிங் உயர்த்தினால் டிஃப் ஒரு மில்லிகூட உயராது, டயர்தான் அதை உயர்த்தும். 265/70ஆர்16க்குப் பதில் 265/75ஆர்16 போட்டால் 13 மில்லி கூடும், வேக மீட்டர் 3 விழுக்காடு குறைத்துக் காட்டும். வெள்ளத்துக்கென்றால் அந்தப் பணத்தில் இரண்டு டிஃப்பின் பிரீதர் குழாயையும் (உள்ளே காற்று போய்வரும் குழாய்) எஞ்சின் அறையின் உச்சிக்கு நீட்டுங்கள். சூடான டிஃப் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

லிஃப்ட் செய்தால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்குமா? பட்டறையில் 'ஒன்றும் ஆகாது' என்கிறார்கள். (செராஸ்)

பட்டறைக்காரர் வாய்ச்சொல் எந்தக் கவுண்டரிலும் செல்லாது. சாமான் வாங்கும் முன் ஜேபிஜேயிடம் கேளுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வண்டி உயர்ந்த அன்றே ஹெட்லைட்டையும் இறக்கிச் சரிசெய்யுங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது.