அயனி மண்டலம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஐயா, மீடியம் வேவில் பகலெல்லாம் உள்ளூர் நிலையம்தான். பொழுது சாய்ந்ததும் தூரத்து நிலையங்கள் வந்து குவிகின்றன. ரேடியோவில் கோளாறா?

பதில்: ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. சூரியக் கதிர்கள் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவைக்கும் மேல்வானப் பகுதிதான் அயனி மண்டலம். அதன் அடியில், 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி' அடுக்கு. பகலில் சூரியக் கதிர்கள் உதிர்த்துவிட்ட எலக்ட்ரான்கள் அங்கே திரியும். ரேடியோ அலை வந்தால் அதோடு சேர்ந்து அதிரும். அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. அதனால் அதிரும் எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கித் தொலைத்துவிடும். இருட்டியதும் அந்த எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடு (எலக்ட்ரானை இழந்த துகள்களோடு) சேர்ந்துவிடும். தடை நீங்கிய அலை மேலடுக்குகள் வரை போய், வளைந்து கீழே திரும்பும். அங்கே காற்று மெலிவு, எலக்ட்ரான்கள் இரவிலும் தாக்குப்பிடிக்கும். குரல் ஏறி இறங்குகிறதா? வெவ்வேறு வழியில் வந்த அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடுகின்றன. ட்யூனரைத் திருகிப் பயனில்லை.

கேள்வி: எஃப்எம் மட்டும் ஏன் இரவிலும் ஊர் தாண்டுவதில்லை?

பதில்: 100 மெகாஹெர்ட்ஸ் அலையைத் திருப்பும் அளவுக்கு மேலே பொதுவாக எலக்ட்ரான் கிடையாது. பொத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

கேள்வி: நான் புது ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்). 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா தெளிவாக வருகிறது. 200 கிலோமீட்டரில் இருக்கும் நண்பர் கேட்கவே இல்லையே?

பதில்: தரையை ஒட்டிப் போகும் நில அலை அவ்வளவு தூரம் எட்டாது. சாய்வாக மேலே போன அலையோ அவரைத் தாண்டித்தான் விழும். இருவரும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, கம்பி ஆண்டெனாவைத் தாழக் கட்டுங்கள். அலை கிட்டத்தட்ட நேர் மேலே போய்த் திரும்பும், பகலில் பேசிவிடலாம்.

கேள்வி: மார்க்கோனி இதெல்லாம் தெரிந்துதான் அட்லாண்டிக்கைத் தாண்டினாரா?

பதில்: இல்லை. 1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய, மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்' எழுத்தின் மூன்று புள்ளிகளை நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கட்டிய கம்பி வழியாகக் கேட்டதாகச் சொன்னார். மேலே மின்னோட்டம் கடத்தும் அடுக்கு இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கென்னலியும் ஹெவிசைடும் சொன்னது 1902இல்தான். 1924இல் இயற்பியலாளர் ஆப்பிள்டன் அதைச் சோதித்துக் காட்டினார். 1947இல் நோபல் பரிசு. ஆனால் மார்க்கோனி கேட்டது பட்டப்பகலில், அதுவும் மீடியம் வேவ் அளவிலான அலையில் என்கிறார்கள். முதல் பதிலைப் படித்தவர்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் உண்டு.

கேள்வி: செயற்கைக்கோள் காலத்தில் இது யாருக்கு வேண்டும்?

பதில்: உங்கள் ஜிபிஎஸ்ஸுக்கு! அதன் அலை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகும். திருத்தாவிட்டால் இடம் பல மீட்டர் தவறும். பூமியின் காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நம் நாட்டின் தெற்கு முனை பக்கமாகப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததே அதனால்தான். அந்தி சாய்ந்தபின் இந்தப் பகுதியில் மேலடுக்கான 'எஃப்' அடுக்கில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் எழும்பும். சிக்னல் மினுக்கி அறுந்துபோவதும் உண்டு. நம் விமானங்களுக்கான ககன் அமைப்பு தாமதத்தைத் திருத்திவிடும், இந்த மினுக்கல்தான் அதற்கும் தலைவலி.