தாய்ப்பால் கொடுக்கும்போது டயட் இருந்தா பால் குறைஞ்சிடுமா?

குழந்தைக்கு மூணு மாசம், தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கறேன், கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்ததை விட 11 கிலோ கூட நிக்குது, இப்ப டயட் ஆரம்பிச்சா பால் குறையுமான்னு கேட்டிருக்கீங்க. நிதானமா இறக்கினா குறையாது. பட்டினி கிடந்தா பால், உடம்பு ரெண்டுக்குமே சிக்கல்தான். நான் டாக்டர் இல்ல, ரெண்டு பெத்தவ, மூத்தவனுக்கு நான் பண்ணின கூத்தை முதல்ல சொல்லிடறேன்.

அவனுக்கு ஏழு வாரம் இருக்கும், யாரோ எடுத்த போட்டோல என்னை நானே பாத்து பயந்துபோய் அன்னிலேருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டேன். மூணாம் நாள் விடியக்காலை மூணு மணிக்கு பால் கொடுத்து முடிச்சு எழுந்தேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, குழந்தையோட அப்படியே சுவத்துல சாஞ்சு சரிஞ்சு உக்காந்துட்டேன். நல்லவேளை கை விடல. அப்புறம் ஒரு தோள்ல அவனைப் போட்டுக்கிட்டு பிஸ்கட் பாக்கெட்டை பல்லால கிழிச்சு முழுசையும் காலி பண்ணேன், மூணு நாள் பட்டினி கிடந்ததுக்கு அர்த்தமே இல்லாம போச்சு.

இது நாக்கை அடக்கத் தெரியாததால இல்லைங்க. வெறும் தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் போல பால் சுரக்கணும், அதுக்கு உடம்புக்கு சுமார் 500 கலோரி தேவை, கொஞ்சம் கர்ப்பத்துல சேத்து வச்ச கொழுப்புலேருந்து எடுத்துக்கும், மிச்சத்தை பசியா கேக்கும். அதனால "பால் கொடுத்தாலே தானா இளைச்சிடுவ"ன்னு சொல்றதும் பாதி உண்மைதான், சில பேருக்கு பசி அந்தக் கணக்கை சரிக்கட்டிடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

முதல் ஆறு எட்டு வாரம் எடையைப் பத்தி நினைக்கவே வேணாம், நீங்க அதைத் தாண்டிட்டீங்க. இப்ப வாரத்துக்கு அரை கிலோ, அதுக்கு மேல வேகம் வேணாம். பொதுவா ஒரு நாளைக்கு 1800 கலோரிக்கு கீழ இறங்காம பாத்துக்கச் சொல்றாங்க. சின்னவளுக்கு நான் கலோரி எல்லாம் எண்ணல, வேளைக்கு சாப்பிடறதுல கை வைக்காம நடுவுல கொறிக்கறதை மட்டும் மாத்தினேன். பால் கொடுக்க உக்கார்ற இடத்துலயே ஒரு டப்பால வேகவச்ச முட்டை, கடலை, பழம், பக்கத்துல தண்ணி. ஒரு கையால சாப்பிடற மாதிரி எது எட்டுதோ அதைத்தான் நாம சாப்பிடுவோம், பிஸ்கட் எட்டினா பிஸ்கட். சர்க்கரை போட்டு குடிக்கறதைக் குறைச்சேன், அதுலயே நல்ல வித்தியாசம். தண்ணி தாகத்துக்கு குடிச்சா போதும், குடம் குடமா குடிச்சா பால் ஊறும்னு யாரும் சொன்னா நம்பாதீங்க.

பால் போதுமான்னு மார்பைத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம், டயப்பரை எண்ணுங்க. 24 மணி நேரத்துல குறைஞ்சது ஆறு டயப்பராவது நல்லா ஈரமாகணும், குழந்தை எடையும் ஏறிக்கிட்டே இருக்கணும். டயப்பர் குறைஞ்சா அன்னிக்கே டயட்டை விட்டுட்டு நல்லா சாப்பிடுங்க, குழந்தையை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

உடற்பயிற்சி பண்ணா பால் புளிச்சிடும்னு எங்கிட்டயும் சொன்னாங்க, சும்மா. பால் கொடுத்துட்டு கிளம்பினா மார்பு கனக்காம நடக்கலாம், அவ்வளவுதான். ஆனா வயித்தைக் குறைக்கறேன்னு எடுத்தவுடனே சிட்டப் போடாதீங்க. மல்லாக்க படுத்து தலையை மட்டும் தூக்குங்க, தொப்புள் பக்கத்துல நடுவுல கூம்பு மாதிரி புடைச்சாலோ ரெண்டு விரல் அகலத்துக்கு மேல பள்ளம் விழுந்தாலோ வயித்துத் தசை இன்னும் சேரலன்னு அர்த்தம், பிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்க. இருமினா சிறுநீர் கசிஞ்சாலும் அவங்கதான். சிசேரியன்னா நடைக்கு மேல எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டு பண்ணுங்க.

கீட்டோ (சோறு, மாவு, சர்க்கரையை எல்லாம் ஒதுக்கிட்டு கொழுப்பை அதிகமா சாப்பிடற டயட்), நாள் கணக்கா விரதம், இளைக்கற டீ, பவுடர், மாத்திரை, ஊசி எதுவும் இப்ப வேணாம். கீட்டோல பால் கொடுக்கற அம்மாக்களுக்கு ரத்தத்துல அமிலம் ஏறி ஆஸ்பத்திரில சேர்ற அளவுக்கு போயிருக்கு, அபூர்வம்தான், ஆனா எதுக்கு அந்த ரிஸ்க்.

இதெல்லாம் பண்ணியும் எடை அசையலன்னா, கூடவே முடி கொத்துக் கொத்தா கொட்டுது, எந்நேரமும் அசதி, குளிர் தாங்கலன்னா ஒரு தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க. பிரசவமாகி ஒரு வருஷத்துக்குள்ள தைராய்டு தடுமாற்றம் வர்றது உண்டு, தூக்கம் இல்லாததால வர்ற அசதின்னு நாமளே சமாதானம் சொல்லிக்கிட்டு விட்டுடுவோம். சின்னவ பிறந்தப்ப நான் அப்படித்தான் நாலு மாசம் விட்டேன், மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம்தான் தராசு முள்ளே நகர்ந்துச்சு.