1715 ஸ்பானியக் கப்பல்கள்: புதையல் தேடும் முக்குளிப்பு வேலை (கேள்வி பதில்)

1715 ஜூலை கடைசியில், ஹவானாவிலிருந்து வெள்ளியும் தங்கமும் ஏற்றி ஸ்பெயினுக்குக் கிளம்பிய 11 கப்பல்கள் புளோரிடாவின் கிழக்குக் கரையோரம் புயலில் உடைந்தன. அந்தச் சிதைவுகளை இன்றும் கோடை மாதங்களில் தேடுகிறார்கள். அந்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி: சார், கடலுக்கடியில் உண்மையில் என்ன வேலை?

பெரும்பாலும் மணல் அள்ளும் வேலைதான். கப்பலின் மரம் மக்கிப் போய்விட்டது. காசும் ஆணியும் பானை ஓடும் மணலுக்கடியில், கெட்டித் தரைமேல் கிடக்கும். மணலை விலக்க ‘மெயில்பாக்ஸ்’ என்கிற வளைந்த பெரிய குழாய்களைப் படகின் பின்புறம் புரொப்பல்லருக்குப் பின்னால் இறக்கி, அது தள்ளும் நீரைக் கீழே திருப்புவார்கள். 1960களில் மெல் ஃபிஷர் என்ற அமெரிக்கப் புதையல் வேட்டைக்காரர் இதைச் செய்தது மேல்மட்டத் தெளிந்த நீரைக் கீழே அனுப்பி, அடியில் கண் தெரிய வைக்கத்தான். அது மணலையும் தோண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் நங்கூரங்களைப் பல பக்கமும் போட்டு, படகு அசையாதபடி கயிறுகளை இறுக்க வேண்டும். ஒரு கயிறு தளர்ந்தாலும் படகு ஊசலாடிக் குழி கோணலாகும். இரண்டு குழிக்கு நடுவே தோண்டாத திட்டு நின்றுவிடும். இன்ஜினை மெதுவாக ஓட்டுங்கள். அவசரப்பட்டு முடுக்கினால் காசுகள் தூக்கி எறியப்பட்டு, குழி ஓரத்து மண்மேட்டுக்குள் புதைந்துவிடும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே ஆள் இறங்கலாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இறங்கியதும் குழியின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள், பிறகு தரை. தங்கம் கனமானது, வெடிப்புகளுக்குள் போய் உட்காரும். உள்ளங்கையை விசிறிபோல மெல்ல அசைத்தால் மணல் விலகும், காசு அங்கேயே நிற்கும்.

கேள்வி: அண்ணே, நான் தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரசர் வச்சு சங்கு குளிக்கிறேன். அந்தப் பழக்கம் இதுக்கு உதவுமா?

நிச்சயம் உதவும் தம்பி. புளோரிடாவிலும் ஆழம் குறைந்த இடங்களில் சிலிண்டரைவிட, மேலே கம்ப்ரசரும் நீண்ட ஹோஸும்தான் வசதி. ஒரேயொரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். காற்று இழுக்கும் வாய் இன்ஜின் புகைக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில், உயரத்தில் இருக்க வேண்டும். படகு திரும்பினால் அதையும் மாற்ற வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்தால் உடனே மேலே வாருங்கள். ஏறும்போது மூச்சை அடக்காதீர்கள், ஆறு மீட்டரிலும் நுரையீரல் கிழியும்.

1715 சிதைவுகள் பலவும் அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில், சில மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கின்றன. அலை இழுப்பு ஆளைத் தூக்கிப் போடும். அதனால் வழக்கத்தைவிட ஈயம் கூடுதலாகக் கட்டுவார்கள். புளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் பக்கம் 1622இல் மூழ்கிய அட்டோச்சா என்ற ஸ்பானியப் புதையல் கப்பல் போல 55 அடிக்குப் போனால் கணக்கே வேறு: பொழுதுபோக்கு டைவிங் அட்டவணைப்படி முதல் இறக்கத்துக்கு சுமார் ஒரு மணி நேரம்தான். அடுத்தடுத்த இறக்கங்களுக்கு அதுவும் குறையும்.

கேள்வி: மெட்டல் டிடெக்டர் போதுமா, மேக்னடோமீட்டரும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும், வேலை வேறு வேறு. மேக்னடோமீட்டர் இரும்பை மட்டுமே காட்டும்: நங்கூரம், இரும்புப் பீரங்கி, ஆணி. வெண்கலப் பீரங்கியோ தங்கமோ அதில் விழாது. அதைப் படகுக்குப் பின்னால் இழுத்து, நெருக்கமான நேர்கோடுகளில் போய்த் தேடும் பகுதியைக் குறுக்குவீர்கள். குழிக்குள் மெட்டல் டிடெக்டர் வகையான பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர். உப்பு நீரில் நன்றாக வேலை செய்யும். ஆனால் பீர் டப்பாவுக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்லாது. சத்தம் வந்த ஒவ்வொன்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: இந்தக் கரையோரத்து போர்ட் பியர்ஸ் ஊரில் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம் இருந்தது. வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. பாசியும் சுண்ணாம்பும் மூடிய உருளையைச் சுத்தியலால் தட்டாதீர்கள்.

கேள்வி: கிடைத்த பொருளை எப்படிப் பாதுகாப்பது?

எடுத்த நொடியிலிருந்து ஈரமாகவே வையுங்கள். தங்கம் 300 வருடம் கழித்தும் அப்படியே வரும். எட்டு ரியால் என்ற ஸ்பானிய வெள்ளிக் காசு புதிதாக இருந்தபோது சுமார் 27 கிராம். கடல் தின்றது பாதி எடைகூட இருக்காது. கருப்பு சல்பைடு மூடி, பல காசுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கும். கட்டிக்கு நடுவில் இருப்பவைதான் நல்ல நிலையில் கிடைக்கும், வெளிக்காசுகள் அவற்றைக் காத்திருக்கும். ஆகவே படகிலேயே உடைக்காதீர்கள்.

இரும்புதான் பெரிய தலைவலி. காயவிட்டால் உள்ளிருக்கும் உப்பு வேலையைக் காட்டி, பீரங்கி செதில் செதிலாக உதிரும். சலவை சோடா கரைத்த நீரிலோ அதைவிட வலுவான காரக் கரைசலிலோ வைத்து, மின்னாற்பகுப்பில் உப்பை வெளியேற்ற வேண்டும். பீரங்கிக்கு வருடக்கணக்கில் ஆகும்.

கேள்வி: கிடைப்பதில் நமக்கு எவ்வளவு?

நினைத்தபடி எடுத்துக்கொள்ள முடியாது. சிதைவுகளின் மீட்பு உரிமை நீதிமன்றத்தின் மூலம் ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. படகுகள் அதனுடன் ஒப்பந்தம் போட்டு இறங்குகின்றன. மாநில அரசு தன் சேகரிப்புக்கு 20% வரை எடுக்கும். மீதியை நிறுவனமும் படகும் பிரித்து, படகின் பங்கிலிருந்து முக்குளிப்பவருக்கு வரும். ஒன்றுமே கிடைக்காத பருவங்களும் உண்டு. டீசலுக்குச் செலவழித்தது திரும்பாது. வெளிநாட்டவருக்கு வேலை விசாவும் வேண்டும்.

போர்க்கப்பல் என்றால் கொடி நாட்டுக்கே சொந்தம். 2007இல் ஒடிசி என்ற மீட்பு நிறுவனம் எடுத்த, மெர்சிடஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பலின் சுமார் 17 டன் காசுகளும் 2012இல் ஸ்பெயினுக்குப் போய்விட்டன.

கேள்வி: குழிக்கு எண் போட்டு எழுதி வைப்பது எதற்கு? பொருள் கிடைத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். குழி எண், ஜிபிஎஸ் இடம், நீர் ஆழம், மணல் ஆழம், கிடைத்தது, வெறுமையான குழி என்றால் அதுவும். பொருளோடு எண் சீட்டை அங்கேயே பையில் போடுங்கள். ‘மேலே போய் எழுதலாம்’ என்றால் மாறிப்போகும். வெறுங்குழிகளும் சேர்ந்துதான் சிதறல் எந்தத் திசையில் போகிறது என்று காட்டும்.

உதாரணத்துக்கு, மூழ்கிக் கிடந்த அட்டோச்சாவை 1622 அக்டோபரில் இன்னொரு புயலும் சிதறடித்தது. 1973இல் கிடைத்த மூன்று வெள்ளிக் கட்டிகளின் எண்ணும் எடையும் செவில் ஆவணக்காப்பகத்தில் இருந்த சரக்குப் பட்டியலோடு பொருந்தின. 1975இல் வெண்கலப் பீரங்கிகள். 1985 ஜூலை 20இல்தான் முக்கியக் குவியல். ஒவ்வொரு கண்டெடுப்பும் அடுத்ததற்கு வழி காட்டியது.

2015இல் ஒரு மீட்புக் குழுவினருக்கு 101 தங்கக் காசுகள் கிடைத்ததாகவும், அவற்றில் 50 மறைக்கப்பட்டதாகவும் புளோரிடா அதிகாரிகள் பின்னர் அறிவித்தார்கள். மறைத்தவற்றில் மூன்றைத் திரும்பக் கடலடியில் போட்டு வைத்ததாகவும் சொன்னார்கள். திருட்டு ஒரு பக்கம். அப்படிப் போட்ட காசை நம்பி இன்னொருவர் வரைபடம் போட்டால் அந்த வரைபடமே பொய்யாகிவிடும். மற்ற படகுகள் வெற்று மணலில் கோடை முழுக்கத் தோண்டும்.