ஆட்டிசம் உள்ள குழந்தையை முதன்முறையாக விமானத்தில் அழைத்துச் செல்ல எப்படித் தயார் செய்வது?

மகளுக்கு 6 வயது, பேச்சு இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் போகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது 11 வயது. 7 வயதில் முதலில் பறந்தான். அன்று நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

யூடியூபில் டேக் ஆஃப் வீடியோ, பொம்மை விமானம், நாற்காலியில் பெல்ட் கட்டிப் பழக்குவது என்று ஒரு மாதம் விமானத்தைப் பற்றியே பாடம் எடுத்தோம். வானத்தில் அவன் ஒரு தொல்லையும் தரவில்லை. ரகளை நடந்தது தரையில், செக்யூரிட்டி செக்கில். எந்நேரமும் கையில் ஒரு எவர்சில்வர் மூடி வைத்திருப்பான். அதை ட்ரேயில் வைக்கச் சொன்னார்கள். மூடி ரப்பர் திரைக்குள் போய் மறைந்ததும் அவன் போட்ட கூச்சலில் மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் வேறு. (நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.)

அடுத்த பயணத்துக்கு முன் ஒத்திகை பார்த்தோம், மெட்ரோவில். சென்னை மெட்ரோ நிலையங்களிலும் பையை ஸ்கேனரில் போட்டுவிட்டு மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டித்தானே போகிறோம்? மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள், கூட்டம் இல்லாத நேரம். மூடி பைக்குள், பை ஸ்கேனருக்குள். நான் முன்னால் போய் அந்தப் பக்கம் நின்று, பை வந்ததும் மூடியை எடுத்து அவன் கையில் கொடுப்பேன். முதல் வாரம் அழுதான். மூன்றாவது வாரம் அவனே பையைத் தூக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினான். அன்று அப்படியே விமான நிலையம் ஸ்டேஷன் வரை போய், டெர்மினலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

உடம்பில் கருவியை வைத்துச் சோதிப்பதை வீட்டில் பழக்கலாம். டிவி ரிமோட்டை எடுத்து, வாயால் "பீப்" சொல்லிக்கொண்டே கை, முதுகு, கால் என்று ஓட்டினால் போதும், விளையாட்டாகிவிடும். உங்களுக்குப் பெண் குழந்தை என்பதால் ஒன்று: பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். துணைக்கு அம்மாவோ பாட்டியோ கூட வருவது நல்லது. முன்கூட்டியே நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.

விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது தகவல் கொடுத்துவிட வேண்டும். அப்போது 'டிபிஎன்ஏ' (DPNA) என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறிவுசார் அல்லது வளர்ச்சிசார் குறைபாட்டால் உதவி தேவைப்படும் பயணிக்கான குறியீடு அது. நாங்கள் வெறுமனே "ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ்" என்றோம், வீல்சேர் வந்து நின்றது. பிடித்து நிறுத்த முடியாமல் ஓடுகிற பிள்ளைக்கு! அவன் அதில் மூடியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

கவுன்டரில் யாராவது தயங்கினால் பதறாதீர்கள். 2022 மே மாதம் ராஞ்சியில் பதற்றத்தில் இருந்த ஒரு சிறுவனை ஏற்ற மறுத்த விமான நிறுவனத்துக்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே ஆண்டு விதியையும் திருத்தியது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகும் என்று சந்தேகப்பட்டால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும், ஊழியரே முடிவு செய்ய முடியாது. அந்த விதி என் போனில் எப்போதும் இருக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் ஆகாத பிள்ளை என்றால் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்திடம் ஜாக்கிரதை. எங்கள் ஹெட்போன் அதிகம் உழைத்தது அங்கேதான்.

உங்களை முதலில் ஏற்றுகிறேன் என்பார்கள். நாங்கள் கடைசியில்தான் ஏறுவோம். நிற்கிற விமானத்துக்குள் அரை மணி நேரம் அவனைக் கட்டிவைப்பதைவிட வெளியே நடக்கவிடுவது மேல். உங்கள் மகள் எப்படியோ, பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது காது அடைக்கும், அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது. விமானம் தாழத் தொடங்கியதுமே மென்று விழுங்க ஏதாவது கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கடலை மிட்டாய்.

அப்புறம், திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் தனியாகத் தகவல் சொல்லிவையுங்கள். நாங்கள் அதை மறந்துவிட்டோம்.