தப்பு தம்பி பேரில். நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?

கேள்வி: எனக்கும் தம்பிக்கும் பொதுக் கிணறு, ஒரே மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. மூன்று வருஷத்துக்கு முன் என் முறையன்று அவன் மோட்டாரைப் போட்டு, காயில் எரிந்துபோனது. காயில் கட்ட 6,000 ரூபாய் நான்தான் கொடுத்தேன். அவன் பாதிகூடத் தரவில்லை. அவன் மகளின் ஞானஸ்நான விருந்தில் கேட்டேன், சண்டையாகிவிட்டது. அதிலிருந்து பேச்சில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஆலய விருந்து. ஒப்புரவாகிவிட்டுத் திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) வாருங்கள் என்கிறார் எங்கள் ஐயர் (குருவானவர்). மூத்தவன் நான், தப்பு அவன் பேரில். நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மோட்டார் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. தம்பியின் மாமனார் வீட்டார் எல்லாரும் இலை முன்னால் இருந்திருப்பார்கள். அங்கே பணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ பேசு என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்னது இதற்காகத்தானே?

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கள். காணிக்கையோடு வந்தவனுக்கு என்ன நினைவு வருகிறது? ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று.’ தம்பி பேரில் உங்களுக்குள்ள குறை அல்ல, உங்கள் பேரில் தம்பிக்கு உள்ள குறை. ஆண்டவர் இதைச் சொல்லக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், 100 கிலோமீட்டருக்கும் மேல். காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்கு நடந்துபோய் ஒப்புரவாகி, திரும்பவும் நடந்து வர வேண்டும். உங்கள் தம்பி ஒரே கிணற்றடியில் இருக்கிறார்.

மூத்தவன் என்கிறீர்கள். வேதாகமத்தில் வரும் ஆபிராமும் மூத்தவர்தான். மேய்ப்பர்களுக்குள் வாக்குவாதம் வந்தபோது, சகோதரன் மகனான லோத்துவையே முதலில் இடம் தெரிந்துகொள்ளச் சொன்னார். அவன் தண்ணீர் வளமான யோர்தான் சமபூமியை எடுத்துக்கொண்டான். பெரியவரின் மதிப்பு அதில் குறையவில்லை.

என் அனுபவம் ஒன்று. நான் குருவானவராக இருந்த ஒரு சேகரத்தில் (சபை வட்டாரத்தில்), ஆலயத்தைத் திறக்கத் தாமதமானதற்காக, அங்கே சபை ஊழியம் பார்த்த உபதேசியாரைப் பாடகர் குழுப் பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய், “மன்னிச்சிருங்க, ஆனால் நீங்களும் நேரத்துக்கு வந்திருக்கலாம்” என்றேன். “சரிங்க ஐயா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. அந்த ‘ஆனால்’ என்ன செய்தது என்று எனக்குப் புரிய அவ்வளவு காலம் ஆனது. திரும்பப் போய், “பிள்ளைகள் முன்னால் உங்களை அப்படிப் பேசியது தப்பு” என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

அதனால் நீங்களும் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். “தம்பி, அன்னைக்கு உன் மாமனார் வீட்டுக்காரங்க முன்னால பணத்தைக் கேட்டது என் தப்பு. உன்னைத் தலைகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிருப்பா.” இவ்வளவு போதும். அன்றைக்கு 6,000 ரூபாய் பேச்சை எடுக்கவே வேண்டாம். ஐயரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆலய வாசலிலும் வேண்டாம்.

பணமும் முறையும் அப்புறம். இரண்டு மாதம் போகட்டும். உட்கார்ந்து பேசி, முறை நாளையும் மோட்டார் செலவையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழையபடி ஒட்டி உறவாட முடியாமல் போனாலும் பரவாயில்லை. வேதாகமத்தில் பிரிந்திருந்த சகோதரர் சந்தித்தபோது, தம்பி யாக்கோபு ஏழு தரம் குனிந்து வணங்கினான், அண்ணன் ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டான், இருவரும் அழுதார்கள். அதன்பின் ஒருவன் சேயீருக்கும் மற்றவன் சுக்கோத்துக்கும் போனார்கள். தம்பி பதில் பேசாவிட்டால்? ‘உங்களாலானமட்டும்’ எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதினார். உங்களாலானதைச் செய்துவிட்டுத் திருவிருந்துக்குப் போங்கள்.

அசனம் வரை காத்திருக்க வேண்டாம். தம்பியின் முறை நாள் எது என்று உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கிணற்றடியில் தனியாகத்தான் நிற்பார்.