ராத்திரி முழுக்க ஓடும் கம்ப்யூட்டர்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்தன: சும்மா இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரை விஞ்ஞானிகளின் கணக்குக்காக ஓட விடுவது. மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில் 23 வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயம் என் மனசுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

கேள்வி: என் மகன் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். வீட்டுக் கம்ப்யூட்டரில் பாயிங்க் என்று ஏதோ ஒன்றைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுகிறான். கேட்டால், "நட்சத்திரம் தேடுதும்மா" என்கிறான். 440 யூனிட் வந்துகொண்டிருந்த வீட்டில் இந்த முறை 530. இது பிட்காயின் வேலையா? யாராவது அவனை ஏமாற்றுகிறார்களா?
– ஓர் அம்மா, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் பையன் சொல்வது உண்மைதான்.

காசிமேட்டில் பெரிய வலை கிழிந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கரையில் நீளமாக விரித்துப்போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து தன் கைக்கு எட்டும் இடத்தைப் பின்னிக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் உட்கார்ந்தால் மாதக்கணக்காகும் வேலை, சாயங்காலத்துக்குள் முடிகிறது. பாயிங்க்கும் அப்படித்தான். அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2002-ல் உருவான மென்பொருள். விஞ்ஞானிகளிடம் இருக்கும் மலை போன்ற கணக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இன்டர்நெட் வழியாக வீடுகளில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். துண்டு வரும், உங்கள் கம்ப்யூட்டர் போட்டு முடிக்கும், விடை திரும்பிப் போகும். பல திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு வீட்டுக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டரை ஓட்டிப் பிட்காயின் எடுப்பவர் காசுக்காக எடுக்கிறார். இங்கே விஞ்ஞானிகள் யாரும் உங்கள் பையனுக்குச் சம்பளம் தருவதில்லை. கிரெடிட் என்று புள்ளி ஏறும், எவ்வளவு வேலை செய்தான் என்ற கணக்குக்காக. சந்தேகம் இருந்தால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்தத் திட்டம், எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று வரிசையாகத் தெரியும். நட்சத்திரம் என்கிறான் என்றால் அநேகமாக 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' என்ற பெயர் இருக்கும். 2005-லிருந்து நடக்கிற நல்ல திட்டம் அது. எங்கிருந்து இறக்கினான் என்பதையும் கேளுங்கள். பாயிங்க்கின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியிருந்தால் சரி, யாரோ அனுப்பிய லிங்க் என்றால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இப்போது பில்லுக்கு வருவோம். நீங்கள் கேட்டதில் முக்கியமானது இதுதான். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரைத்தானே கொடுக்கிறோம் என்று பையன் நினைத்திருப்பான். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது வாஸ்தவம், ஆனால் அது தின்னும் கரண்ட் சும்மா வருவதில்லை. 150 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் ராத்திரி 10 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 60 நாளுக்கு 90 யூனிட். உங்கள் 440-ம் இந்த 90-ம் சேர்ந்தால் சரியாக 530! அதைவிட வலிக்கிற விஷயம், நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கோட்டுக்குள் இருக்கும் சில யூனிட்டுக்கும் கூடுதல் விகிதம் வந்துவிடும்.

ஆனால் நிறுத்தச் சொல்லாதீர்கள். அளவு வையுங்கள். அந்த மென்பொருளில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. கணக்குப் போடும் சிப்பான சிபியுவை எத்தனை சதவீதம் எடுக்கலாம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓடலாம் என்று எல்லாவற்றையும் அங்கே குறிக்கலாம். பாதி சிபியு, ராத்திரி 11-லிருந்து காலை 5 வரை என்று வையுங்கள். முடிந்ததும் கம்ப்யூட்டர் தானாக அணையும்படி கம்ப்யூட்டரிலேயே தனியாக நேரம் வைக்கச் சொல்லுங்கள். அப்போது 80 வாட் என்று வைத்துக்கொண்டால் 6 மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட வராது. இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள் நிற்கும், நீங்களும் 500-க்குள் இருப்பீர்கள்.

அப்புறம், கேபினெட்டைத் திறந்து பார்த்து எவ்வளவு நாளாகிறது? போன மாதம் காசிமேடு பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்த டெஸ்க்டாப்பைத் திறந்தேன். சிபியு மேல் இருந்து அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி திரண்டு கிடந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. உள்பக்கம் சாம்பல் நிறம், வெளிப்பக்கம் கரி. ஸ்க்ரூ தலைகளில் பச்சை பூத்திருந்தது, உப்புக்காற்று செய்த வேலை. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் காற்று போக வழியில்லை. நம் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் அந்தத் தகடுகளைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் பேரிங் போய்விடும். இந்த வேலையை உங்கள் பையனே செய்யட்டும்.

கேள்வி: பாதியில் கரண்ட் போனால் அதுவரை போட்ட கணக்கு வீணா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: வீணாகாது. நடுநடுவே தானாகவே சேமித்துக்கொள்ளும், கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். சில நிமிஷ வேலை போகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டரில் ஓட்டவே வேண்டாம். அந்த பேட்டரி வீட்டில் இருக்கிறவர்களுக்குக் காற்று வர வைத்தது.

கரண்ட் போவதைவிட, வரும்போது எகிறி வருவதுதான் ஆபத்து. சில வருஷம் முன்பு கத்திரி வெயிலில் என் வீட்டு மெஷினை 100 சதவீதத்தில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தது. பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. உள்ளே கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது, மதர்போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு. பக்கத்தில் என் சின்ன மகள் படுத்திருந்தாள். அன்றிலிருந்து ஆள் தூங்கும் அறையில் நான் ஓட்டுவதில்லை, ஏப்ரல், மே இரண்டு மாதமும் முழு லீவு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: ரிட்டையர்டு ஆசிரியன் நான். 2001-லிருந்து பல வருஷம் செட்டி அட் ஹோம் ஓட்டினேன். அதை நிறுத்திவிட்டார்களாமே. அத்தனை ராத்திரியும் என்ன ஆயிற்று?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

செட்டி அட் ஹோம் 1999 மே 17-ல் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த இரைச்சலில் வேற்றுலகத்தாரின் குரல் கேட்கிறதா என்று தேடினீர்கள். 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் அந்தத் தொலைநோக்கியே இடிந்து விழுந்துவிட்டது. குரல் ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களை லட்சக்கணக்கில் ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தத் திட்டம்தான். அந்த அனுபவத்திலிருந்துதான் பாயிங்க் பிறந்தது.

அப்படிச் சேர்ந்ததில் கிடைத்ததைச் சொல்கிறேன். 2010-ல் ஐன்ஸ்டீன் அட் ஹோம் வழியாக ஒரு பல்சார் கண்டுபிடிக்கப்பட்டது. நொடிக்கு 41 தடவை சுழலும், செத்துப்போன நட்சத்திரம். சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். அது அகப்பட்டது அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு கணவன் மனைவி வீட்டிலும், ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் ஒருவரிடமும் இருந்த கம்ப்யூட்டர்களில். தகவல் வந்தது நீங்கள் தேடிய அதே அரெசிபோவிலிருந்து.

எனக்கு 2020 மறக்காது. ராயபுரம் மண்டலத்தில் கொரோனா உச்சத்தில் இருந்தது, கடை மூடிக் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் ஃபோல்டிங் அட் ஹோம் போட்டேன். இது பாயிங்க்கைச் சேர்ந்தது அல்ல, 2000-லிருந்து தனியாக நடப்பது. வைரஸின் மேலிருக்கும் முள் போன்ற புரதம் எப்படித் திறக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்ததில் அனுப்ப வேலை பற்றாமல் போனது. பல மணி நேரம் என் மெஷின் துண்டுக்காகக் காத்திருந்தது. அந்த வருஷம் அந்தக் கூட்டத்தின் மொத்த வேகம் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்கைத் தாண்டியது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த நாட்களில், திரையில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதற்கு முன்பே, இதே மாதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில் காசநோய்த் திட்டம் ஒன்று 2016-ல் தொடங்கியபோது சேர்ந்திருந்தேன். காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற ஒரு கவசம் உண்டு, மருந்து உள்ளே போகவிடாமல் தடுப்பது. அதன் அமைப்பைத்தான் கணக்கிட்டார்கள். எங்கள் அக்கா ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவள். நம் பக்கத்தில் இந்த நோய் எட்டிப்பார்க்காத தெரு குறைவு. ஐயா, உங்கள் ராத்திரிகள் எதுவும் வீண் போகவில்லை என்று நான் நம்புவதற்கு இதெல்லாம்தான் காரணம். இப்போதும் கம்ப்யூட்டர் இருந்தால் ஐன்ஸ்டீனில் சேருங்கள். பழைய வானொலித் தகவல்களைத் துழாவும் வேலை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. அதில் ஓட்டலாமா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, ஓடும், ஆனால் உங்களுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. பிராஜெக்ட், வேலைக்கு அப்ளிகேஷன் எல்லாம் அதில்தான். லேப்டாப்பில் சூடு போக இடம் குறைவு, நாள் முழுக்கச் சூட்டிலேயே இருந்தால் பேட்டரி உப்பிவிடும். படிப்பு முடியும்வரை அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

அப்படியும் ஆசையாக இருந்தால் சிபியுவில் இருக்கும் கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றே ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஓடாதபடி செட்டிங், மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல். அதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணெதிரே பின்பக்கத்தைக் கழற்றி, ஃபேனைத் துடைத்து, சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றித் தருகிறேன். சூடு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, ஓட்டலாமா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்யலாம்.