தலைச்சொல்லைப் பிடியுங்கள்: பன்மைக்குப் பின்னால் வரும் ஆஃப், இன், வித் பற்றிய கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ஒரு பன்மைச் சொல்லுக்குப் பின்னால் ஆஃப், இன், ஆன், வித், ஃப்ரம் என்று ஏதாவது ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்போது எங்கெங்கே தடுக்குகிறது என்று கேட்டிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதில் விழுந்தால்தான் நிற்கும்.

கேள்வி: டீச்சர், "மேசை மேல் இருக்கிற புத்தகங்கள்" என்று சொல்ல நினைத்தால் எனக்கு "ஆன் தி டேபிள் புக்ஸ்" என்றுதான் முதலில் வருகிறது. திருத்திக்கொண்டால் "தி புக்ஸ் விச் இஸ் ஆன் தி டேபிள்" என்கிறேன். எது சரி?

பதில்: "தி புக்ஸ் ஆன் தி டேபிள்", அவ்வளவுதான். தமிழில் விவரம் எல்லாம் முன்னால் வந்து, பெயர் கடைசியில் உட்காரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், விவரம் வாலாகப் பின்னால் தொங்கும். முதல் தடுமாற்றம் இதனால் வருவது.

இரண்டாவதற்குக் காரணம் வேறு. தமிழில் "மேசை மேல்" என்பது பெயரோடு நேராக ஒட்டாது. நடுவில் "இருக்கிற" அல்லது "உள்ள" என்று ஒரு பசை வேண்டும். "காந்தியைப் பற்றிப் புத்தகங்கள்" என்று எழுத மாட்டோம், "பற்றிய புத்தகங்கள்" என்போம். அந்த ஒரு "ய" தான் பசை. நீங்கள் அந்தப் பசையைத்தான் ஆங்கிலத்தில் "விச் இஸ்" என்று தேடுகிறீர்கள். ஆங்கிலத்துக்கு அது வேண்டியதில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் புக்ஸ் பன்மை, ஆகவே "விச் ஆர்". இடம் மாறியதும், பசை போனதும் மனதில் பதிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன், மேடம். "தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் வேர் நாட் குட்" என்ற வாக்கியத்தில் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு எதுவுமே தப்பாகத் தெரியவில்லை.

பதில்: "வேர்" தப்பு, "வாஸ்" வரவேண்டும். நன்றாக இல்லாதது எது? மாம்பழங்களின் தரம். குவாலிட்டிதான் தலை. "ஆஃப் தி மேங்கோஸ்" அதன் வால். வினைச்சொல் தலையைப் பார்த்துத்தான் மாறும், பக்கத்தில் நிற்பதைப் பார்த்து மாறாது.

உங்களுக்குத் தப்பாகத் தெரியாததில் வியப்பில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் சறுக்குகிறார்கள். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1991இல் இதைச் சோதித்தார்கள். வாக்கியத்தின் முன்பகுதியை மட்டும் கொடுத்து, மீதியைச் சொல்லி முடிக்கச் சொன்னார்கள். தலை ஒருமையாகவும் வால் பன்மையாகவும் இருந்தபோது, அதாவது "தி கீ டு தி கேபினெட்ஸ்" போன்ற தொடர்களில், "ஆர்" என்று தவறாக முடிப்பது கூடியது. தலை பன்மை, வால் ஒருமை என்றிருந்தபோது அந்த அளவுக்குத் தவறு வரவில்லை. பன்மைக்கு அப்படி ஒரு இழுவிசை. தேர்வில் கேள்வி எழுதுகிறவர்களும் ஒருமைத் தலை, பன்மை வால் என்றே வலை விரிக்கிறார்கள்.

வழி இதுதான்: ஆஃப், இன், டு, வித் எது வந்தாலும் அங்கே விரலை வையுங்கள். விரலுக்குக் கீழே வால் முழுவதையும் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். "தி குவாலிட்டி... வேர்." இப்போது காதில் உறுத்துகிறதா? அப்படியே "தி கீஸ் டு தி பீரோ ஆர் மிஸ்ஸிங்" என்பதையும் பாருங்கள். பீரோ ஒன்றுதான், காணாமல் போனவை சாவிகள், அதனால் "ஆர்". "அலாங் வித்" வந்தாலும் இதே கதை: "தி மினிஸ்டர், அலாங் வித் ஹிஸ் செக்ரட்டரீஸ், இஸ் கமிங்."

கேள்வி: அப்படியென்றால் "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்" எப்படிச் சரியாகும்? விரல் வைத்தால் "எ நம்பர்" தானே மிஞ்சுகிறது?

பதில்: நல்ல கேள்வி. இங்கே விரல் உதவாது. "எ நம்பர் ஆஃப்" என்றால் பலர், அவ்வளவே. "எ லாட் ஆஃப்" மாதிரி அதுவும் ஒரு அளவுச்சொல் ஆகிவிட்டது, தலை ஸ்டூடன்ட்ஸ்தான். "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்" என்றால் எண்ணிக்கை, அது ஒருமை: "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஃபார்ட்டி." எ, தி என்ற ஒரு சின்னச் சொல் வித்தியாசத்தில் வினையே மாறுகிறது. மோஸ்ட் ஆஃப், சம் ஆஃப், ஹாஃப் ஆஃப் வந்தாலும் பின்னால் இருப்பதைப் பாருங்கள்: "மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் இஸ்", "மோஸ்ட் ஆஃப் தி ஷாப்ஸ் ஆர்".

கேள்வி: ஆபீஸில் எல்லோரும் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்கிறார்கள். நான் மட்டும் "ஃப்ரெண்ட்ஸ்" என்றால் விநோதமாகப் பார்க்கிறார்கள். விட்டுவிடலாமா, அக்கா?

பதில்: விடாதீர்கள், நீங்கள் சொல்வதுதான் சரி. தமிழில் "என் நண்பர் ஒருவர்" என்று ஒருமையில் சொல்லலாம், "என் நண்பர்களில் ஒருவர்" என்றும் சொல்லலாம். ஒன் ஆஃப் இரண்டாவது வகை மட்டும்தான். பலர் இருக்கும் கூட்டத்திலிருந்து ஒருவரை வெளியே எடுக்கிறோம், கூட்டம் பன்மையில்தான் இருக்கமுடியும். எடுத்தது ஒருவரை, ஆகவே வினை ஒருமை: "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்." சபையில் தயக்கமாக இருந்தால் "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்று சொல்லுங்கள். அழகான தொடர் அது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: இரண்டு மாமியார்களைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன். மதர்-இன்-லாஸ் என்பதா, மதர்ஸ்-இன்-லா என்பதா?

பதில்: மதர்ஸ்-இன்-லா. பன்மையாவது மதர், லா அல்ல. குழப்பம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமியார் வீடு என்பதற்கு "மை மதர்-இன்-லாஸ் ஹவுஸ்" என்று சரியாகத்தான் சொல்கிறோம். அங்கே வரும் "ஸ்" உடைமைக்கு உரியது, அது தொடரின் கடைசியில் ஒட்டும். பன்மையின் "ஸ்" தலையில் ஒட்டும். உடைமையின் "ஸ்" கடைசியில் வருவதை அடிக்கடி கேட்டுப் பழகிய காது பன்மையின் "ஸ்" என்பதையும் கடைசியில் தேடுகிறது.

நம் எம்.பி.க்களை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்துச் சொன்னால் "மெம்பர்ஸ் ஆஃப் பார்லிமென்ட்", பன்மை முதல் சொல்லில். சுருக்கினால் "எம்பீஸ்", பன்மை கடைசியில். சுருக்கிய பிறகு அது தலை, வால் இல்லாத ஒரே சொல், அதனால் "ஸ்" கடைசிக்குப் போய்விடுகிறது. எம்.எல்.ஏ.வும் இப்படித்தான். வழிப்போக்கர்கள் "பாஸர்ஸ்-பை", இரண்டாம் இடம் பிடித்தவர்கள் "ரன்னர்ஸ்-அப்". ஆனால் இரண்டு கரண்டி சர்க்கரை "டூ ஸ்பூன்ஃபுல்ஸ் ஆஃப் ஷுகர்", ஏனென்றால் ஸ்பூன்ஃபுல் ஏற்கெனவே ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது.

கேள்வி: கடை வைத்திருக்கிறேன், மேடம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் பட்டியல் அனுப்பவேண்டும். "டென் பாக்ஸ் மேங்கோ, ட்வென்ட்டி சோப்" என்று எழுதினால் புரிந்துகொள்கிறார்கள். சரியாக எப்படி எழுதுவது?

பதில்: "டென் பாக்ஸஸ் ஆஃப் மேங்கோஸ், ட்வென்ட்டி பார்ஸ் ஆஃப் சோப்." நீங்கள் எழுதியது தமிழ்ப் பழக்கம். "பத்து மாம்பழம் கொடுங்க" என்றுதான் கடையில் கேட்போம், பத்து என்று சொன்ன பிறகு "கள்" எதற்கு? பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, யானை வந்தது, யானை வந்தன என்று, அது நம் வாயில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் எண்ணைச் சொன்னாலும் பன்மையைக் கேட்கும்.

ஆஃபுக்கு முன்னால் இருப்பது எண்ணுகிற பொருள்: பெட்டி, கட்டி, மூட்டை. அதற்குக் கட்டாயம் பன்மை. பின்னால் இருப்பது எண்ணக்கூடியதா என்று பாருங்கள். வெங்காயம் எண்ணலாம், "டூ கிலோஸ் ஆஃப் ஆனியன்ஸ்". அரிசியை எண்ணமாட்டார்கள், "டூ பேக்ஸ் ஆஃப் ரைஸ்". மேசை நாற்காலிக்கு "ஃபர்னிச்சர்ஸ்" என்று போடாதீர்கள், "சிக்ஸ் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்".

கேள்வி: ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குகிறேன். "போலீஸ் சேஸ்ட் தி மென் ஆன் பைக்ஸ்" என்று ஒரு வரி. பைக்கில் போனது யார்?

பதில்: அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லவே முடியாது. "ஆன் பைக்ஸ்" மென்னின் வாலாகவும் இருக்கலாம், துரத்தியதைச் சொல்வதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பசை இல்லை என்றேனே, அதற்குக் கொடுக்கும் விலை இது. தமிழில் "பைக்கில் சென்றவர்களைப் போலீசார் துரத்தினர்", "போலீசார் பைக்குகளில் துரத்தினர்" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். செய்தியின் மீதியைப் படியுங்கள், தெளியவில்லை என்றால் எழுதியவரையே கேளுங்கள். ஊகித்து எழுதினால் செய்தி தப்பாகிவிடும்.

கேள்வி: "டிஸ்கஸ் அபவுட்" தப்பு என்று மேலாளர் திருத்தினார். ஆனால் அவரே "டிஸ்கஷன்ஸ் அபவுட்" என்று எழுதுகிறார். எது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மை. வினை நேராகப் பொருளை எடுத்துக்கொள்ளும்: "வி டிஸ்கஸ்ட் தி ப்ரைஸஸ்." அதே சொல் பெயரானதும் நேராக எடுக்கமுடியாது, நடுவில் அபவுட், ஃபார் போன்ற ஒரு பிரிபொசிஷன் வேண்டும்: "டிஸ்கஷன்ஸ் அபவுட் ப்ரைஸஸ்." ரிக்வெஸ்ட், டிமாண்ட் இரண்டும் அப்படியே. "வி டிமாண்டட் மோர் பே" என்பதில் "ஃபார்" கிடையாது. "டிமாண்ட்ஸ் ஃபார் மோர் பே" என்பதில் உண்டு. நம் ஊர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் கேட்கும் பிழைகளில் சில இங்கேதான் பிறக்கின்றன. பெயருக்கு உரிய வாலை வினைக்கும் ஒட்டிவிடுகிறோம்.

எந்தப் பெயருக்கு எந்த வால் என்பதற்குப் பொது விதி கிடையாது, சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: ரீசன்ஸ் ஃபார், காஸஸ் ஆஃப், ஆன்ஸர்ஸ் டு, இன்க்ரீஸஸ் இன். புதிய சொல்லை நோட்டில் எழுதும்போது தனியாக எழுதாமல் வாலோடு எழுதிவைப்பது நல்லது.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கிறேன், டீச்சர். "தி சில்ட்ரன் இன் தி ஹவுஸ் நியர் தி லேக்" என்றால் அடுத்து "கோ டு ஸ்கூல்" வருமா, "கோஸ் டு ஸ்கூல்" வருமா?

பதில்: விரலை "இன்" மேல் வை, கண்ணா. "லேக்" வரைக்கும் மறை. என்ன மிஞ்சுகிறது? "தி சில்ட்ரன்". பிள்ளைகள் பலர், ஆகவே "கோ". ஒரு வீடு, ஒரு ஏரி என்று வால் முழுக்க ஒருமையாக இருந்தாலும் கவலை இல்லை. இப்போது நீயே வாலை நீட்டிப் பார். ஏரிக்கு அப்புறம் "பிஹைண்ட் தி டெம்பிள்" சேர், அதற்கும் அப்புறம் "இன் அவர் வில்லேஜ்" சேர். ஐந்து முறை நீட்டி, ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல். கடைசியில் வரும் வினை மாறுகிறதா என்று எனக்கு எழுது.